உருளைக்கிழங்குக்கு மட்கு உரமும் யூரியாவும்: எது, எவ்வளவு, எப்போது?

கேள்வி இது: "உருளைக்கிழங்குக்கு நன்றாகக் கம்போஸ்ட் போட்டேன், யூரியாவும் இரண்டு தடவை தாராளமாகக் கொடுத்தேன். செடி கரும்பச்சையாக இடுப்பளவு வளர்ந்தது. தோண்டிப் பார்த்தால் பாதிக் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான். கம்போஸ்ட் போட்டால் யூரியாவே தேவையில்லையா? இரண்டும் வேண்டுமென்றால் கணக்கு என்ன?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டும் வேண்டும். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தவறு அளவில் கொஞ்சம் இருக்கலாம். நேரத்தில் நிறைய இருக்கிறது. செடி கிழங்கு வைக்க வேண்டிய நாட்களில் யூரியா அதை இலை வைக்கச் சொல்லிவிட்டது.

இது புரிய வேண்டுமென்றால் மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். நட்டு 35 நாள் ஆன ஒரு செடியின் பக்கத்தில் பாரின் (செடி நிற்கும் நீள மண்மேட்டின்) மண்ணை விரலால் மெதுவாக விலக்குங்கள். வேரைவிடச் சற்றுத் தடித்த, வெள்ளை வெளேரென்ற தண்டுகள் பக்கவாட்டில் ஓடுவது தெரியும். அதன் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். அந்தக் கொக்கிக்குச் சற்றுப் பின்னால், சில தண்டுகளில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் கிழங்கு. உருளைக்கிழங்கு வேர் அல்ல, நிலத்தடியில் ஓடும் தண்டின் நுனி பருத்தது. தண்டு என்பதால் அது இரண்டு பக்கமும் போகலாம்: பருத்துக் கிழங்காகலாம், அல்லது நீண்டுகொண்டே போய் மண்ணுக்கு வெளியே தலைநீட்டி இன்னொரு கிளையாகலாம். எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்மானிப்பவற்றில், யூரியா தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஒன்று.

சத்துக் கரைசலில் செடி வளர்த்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தழைச்சத்து இடைவிடாமல் அதிகமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு பிடிப்பது தள்ளிப்போகிறது. சில நாட்கள் நிறுத்தினால் கிழங்கு பிடிக்கிறது. திரும்பவும் கொட்டினால், பிடித்த கிழங்கின் நுனியே மறுபடி தண்டாக நீண்டு, மாலை கோத்தது போல அடுத்தடுத்துச் சிறு கிழங்குகள் வருகின்றன. வயலில் மண் ஒரு மெத்தை போல இருந்து இந்த ஏற்றத்தாழ்வைத் தணிப்பதால் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. ஆனால் திசை அதேதான். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருக்கும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். சூடும் செடியை இலைப் பக்கம்தான் தள்ளும். சூடும் மிகையான தழைச்சத்தும் சேர்ந்துவிட்டால் கிழங்குக்கு வழியே இல்லை.

அதற்காகத் தழைச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமா என்றால், கூடாது. கிழங்கு பருக்கும் காலத்தில், சூழல் நன்றாக இருந்தால், ஏக்கருக்கு ஒரு நாளில் 200 முதல் 400 கிலோ வரை கிழங்கு எடை கூடும். அந்த மாவுச்சத்து முழுவதையும் தயாரிப்பது பச்சை இலை. தழைச்சத்துப் பற்றாத செடியில் அடி இலைகள் வெளிறி, மஞ்சளாகி, முன்பருவ இலைக்கருகல் நோயும் எளிதில் தொற்றி, இரண்டு வாரம் முன்னாலேயே வயல் காய்ந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் போன எடையைப் பெருக்கிப் பாருங்கள், டன் கணக்கில் வரும்.

ஆக, செடிக்குத் தேவைப்படுவது இப்படி: முதல் மூன்று நான்கு வாரம் கொஞ்சம் போதும், ஏனென்றால் விதைக்கிழங்கே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் இலைப் பரப்பு விரியும்போதும் கிழங்கு பருக்கத் தொடங்கும்போதும் பசி மளமளவென்று ஏறும். முற்றும் காலத்தில் பசி அடங்கிவிட வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போவதுதான் உர வேலை.

இப்போது கம்போஸ்ட்டுக்கு வருகிறேன். இதில்தான் கணக்குத் தவறு அதிகம் நடக்கிறது.

நன்றாக மட்கிய கம்போஸ்ட்டில், ஈரம் நீக்கிய எடையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் தழைச்சத்து இருக்கும். ஏக்கருக்கு 4 டன் போடுகிறீர்கள், அதில் 40 சதவீதம் ஈரம் என்று வையுங்கள். உலர்ந்த பொருள் 2.4 டன். 1.5 சதவீதம் என்றால் 36 கிலோ தழைச்சத்து. "அடேயப்பா, 36 கிலோ வந்துவிட்டது, யூரியாவில் ஒன்றரை மூட்டைக்கு மேல் மிச்சம்" என்று தோன்றும். ஆனால் அந்த 36 கிலோவும் கரிமப் பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தால்தான் வேருக்குக் கிடைக்கும். நன்கு மட்கிய கம்போஸ்ட்டிலிருந்து முதல் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு, கூடினால் இன்னும் சற்று அதிகம். அதாவது 4 அல்லது 5 கிலோ. அவ்வளவுதான். கோழி எரு மட்டும் இதற்கு விலக்கு. அதன் தழைச்சத்தில் பாதியளவு முதல் பருவத்திலேயே வெளிவந்துவிடும், அதனால் அதைக் கம்போஸ்ட் போல அள்ளிப் போடக் கூடாது.

மட்காத பொருளானால் நிலைமை தலைகீழ். கரிமமும் தழைச்சத்தும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் இங்கே கேள்வி. 20-க்கு 1 என்பதற்குக் கீழே இருந்தால் தழைச்சத்து வெளிவரும். 30-க்கு 1 என்பதற்கு மேலே போனால், நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்டுவதற்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். வைக்கோல் 80-க்குப் பக்கம், மரத்தூள் பல நூறு. எனக்கே ஒருமுறை இது நடந்தது. அவசரத்தில், நடுவில் வைக்கோல் இன்னும் மஞ்சளாகவே இருந்த குவியலைக் கொண்டுபோய் ஒரு பாத்தியில் போட்டு நட்டேன். மூன்று வாரத்தில் அந்தப் பாத்தி மட்டும் வெளிறிப்போய், பக்கத்துப் பாத்தியில் பாதி உயரத்தில் நின்றது. மண்ணைக் கிளறினால் பூஞ்சை இழை வெள்ளையாகப் படர்ந்து வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து அங்கே போய்விட்டது. இரண்டாம் மாதக் கடைசியில் பச்சை திரும்பியது, ஆனால் கிழங்கு பிடிக்கும் காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

மட்கியதா இல்லையா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. குவியலைக் கிளறி ஈரம் தெளித்து மூன்று நாள் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். மறுபடியும் சூடேறினால் இன்னும் வேலை முடியவில்லை. ஒரு கைப்பிடியை ஈரப்படுத்தி மூடிய பையில் ஒரு வாரம் வைத்துத் திறந்தால் மழை பெய்த மண்வாசனை வர வேண்டும். மூக்கை அரிக்கும் அம்மோனியா நெடியோ புளித்த நாற்றமோ வந்தால் போடாதீர்கள்.

இன்னொரு சோதனை, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: வெளியிலிருந்து வாங்கும் கம்போஸ்ட்டில் நாலைந்து அவரை அல்லது பீன்ஸ் விதைகளைப் போட்டு மூன்று வாரம் வளருங்கள். மேய்ச்சல் நிலத்திலும் தானியப் பயிரிலும் அடிக்கப்படும் சில களைக்கொல்லிகள், குறிப்பாகக் குளோபைராலிட், அமினோபைராலிட் வகை, மாட்டின் வயிற்றையும் குவியலின் சூட்டையும் தாண்டி உயிரோடிருக்கும். உருளைக்கிழங்கு, தக்காளி, பயறு வகைகள் மூன்றும் அவற்றைத் தாங்காது. பீன்ஸின் புது இலை கிண்ணம் போல மடங்கியோ சுருண்டோ வந்தால் அந்தக் குவியல் உங்கள் வயலுக்கு வேண்டாம்.

சரி, முதல் பருவத்தில் 5 கிலோ தழைச்சத்துதான் தரும் என்றால் 4 டன் கம்போஸ்ட்டை ஏன் சுமக்க வேண்டும்?

உருளைக்கிழங்கின் வேர் சோம்பேறி. பெரும்பகுதி மேல் 30 சென்டிமீட்டரில்தான் இருக்கும், ஆழமாகப் போய்த் தண்ணீர் தேடாது. இறுகிய மண்ணில் அதுவும் போகாது. கம்போஸ்ட் மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிறது. ஓடுதண்டு தடையில்லாமல் நீள்கிறது. கிழங்கு உருண்டையாக, கோணல் இல்லாமல் பருக்கிறது. மண் அணைப்பது எளிதாகிறது. மணல் பாங்கான நிலத்தில் ஈரம் கூடுதலாக நிற்கிறது, களிமண்ணில் தண்ணீர் தேங்காமல் வடிகிறது. நீங்கள் போடும் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும் இடமும் கூடுகிறது. அதனால் அதே மூட்டை யூரியா அதிகக் கிழங்கைத் தருகிறது. கம்போஸ்ட்டை உணவு என்று பார்ப்பதைவிட, உணவு வீணாகாமல் இருக்கும் பாத்திரம் என்று பார்ப்பது சரி.

அதோடு சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். உருளைக்கிழங்கு தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்தைத்தான் அதிகம் தின்னும். கம்போஸ்ட்டில் உள்ள சாம்பல்சத்து தழைச்சத்தைப் போலக் கட்டுண்டு கிடப்பதில்லை, பெரும்பகுதி முதல் பருவத்திலேயே கிடைத்துவிடும். ஆகவே கம்போஸ்ட் போட்டால் குறைக்க வேண்டிய உரம் எது என்று கேட்டால், முதலில் பொட்டாஷ் என்பேன், யூரியா அப்புறம்தான்.

பல ஆண்டுகளாகப் போட்டுவந்தால் கதை மாறும். ஒவ்வோர் ஆண்டும் உடையாமல் மிஞ்சியது அடுத்தடுத்த ஆண்டுகளில் உடைந்து சேரும். ஆறேழு ஆண்டு தொடர்ந்து கம்போஸ்ட் வாங்கிய நிலத்தில் யூரியாவைக் கணிசமாகவே குறைக்கலாம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவரும் கோதுமைச் சோதனையில், ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் பெற்ற பகுதியின் மண்ணில், ரசாயன உரம் மட்டும் பெற்ற பகுதியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. அங்கேயும் இன்றைய ரகங்களில் மிக அதிக விளைச்சல் தந்தது தொழுவுரத்தோடு தழைச்சத்து உரமும் சேர்த்துப் போட்ட பகுதிதான். பயிர் வேறு என்றாலும், தனித்தனியாகக் கிடைக்காதது சேர்த்தால் கிடைக்கிறது என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு டன் கிழங்கு விளைய, இலை தண்டு எல்லாம் சேர்த்துச் செடி ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ தழைச்சத்தை எடுக்கும். ஏக்கருக்கு 12 டன் இலக்கு என்றால், 4.5 கிலோ வீதம் 54 கிலோ. மண் பரிசோதனைப்படி நிலமே 16 கிலோ தரும் என்று வைப்போம். கம்போஸ்ட்டிலிருந்து 4. மிச்சம் 34. ஆனால் போடும் உரம் முழுவதும் செடிக்குப் போய்ச் சேராது. கவனமாகப் போட்டாலும் 60 சதவீதம் சேர்ந்தால் நல்லது. 34-ஐ 0.6-ஆல் வகுத்தால் 57 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், சுமார் 124 கிலோ யூரியா. உங்கள் மண்ணும் ரகமும் இலக்கும் வேறாக இருக்கும், எண்ணும் மாறும். கணக்கு போடும் வழி இதுதான். அடியுரமாக டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுகிறீர்கள் என்றால் அதிலும் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, அதைக் கழிக்க மறக்காதீர்கள்.

இதையே ஒரு செடிக்குப் பிரித்தால் மனதில் பதியும். 75 சென்டிமீட்டர் பாரில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 18,000 செடி. ஒரு செடிக்கு மொத்தப் பருவத்துக்கும் 7 கிராம் யூரியா. தேக்கரண்டியால் தலைதட்டி அளந்தால் இரண்டுக்கும் குறைவு. வீட்டுத்தோட்டத்தில் செடிக்கு ஒரு கைப்பிடி யூரியா வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஒரு கைப்பிடி என்பது பல செடிகளின் பங்கு.

எப்போது போடுவது? கம்போஸ்ட்டை நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பரப்பி, மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில் கலந்துவிடுங்கள். கம்போஸ்ட் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் வயல் முழுக்கத் தூவாமல் பார் அமையும் சாலில் மட்டும் போடுங்கள். வேர் இருக்கும் இடம் அதுதான். யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நடும்போது, விதைக்கிழங்கைத் தொடாமல், பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் தள்ளி, அதே அளவு கீழே. விதைக்கிழங்கின் மேலேயே பட்டால் அம்மோனியா முளையைச் சுட்டுவிடும். மிச்சத்தை மண் அணைக்கும்போது, அதாவது நட்டு 25 முதல் 30 நாளில். மணல் நிலமானால் மிச்சத்தை இரண்டாகப் பிரித்து, 28-ஆம் நாள் ஒன்று, 42-ஆம் நாள் ஒன்று என்று கொடுக்கலாம், ஏனென்றால் யூரியா மண்ணில் மாறி உருவாகும் நைட்ரேட் தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். குறுகிய காலப் பயிருக்கு 45 நாளுக்கு மேல் யூரியா வேண்டவே வேண்டாம். உங்கள் வயலில் இரண்டாவது தடவை எந்த நாளில் கொடுத்தீர்கள் என்று குறித்து வைத்திருந்தால் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலுரம் போடும் விதம் மிக முக்கியம். யூரியா மண்ணில் விழுந்ததும் யூரியேஸ் என்ற நொதி அதைச் சில நாட்களில் அம்மோனியமாக மாற்றுகிறது. மண்ணின் மேலேயே கிடந்தால், அதுவும் கார மண்ணில், வெயிலில், அதில் ஒரு பெரிய பங்கு அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். ஈர மண்ணில் தூவிவிட்டு "நாளைக்கு மண் அணைக்கலாம்" என்று வீட்டுக்குப் போகாதீர்கள். பாரின் ஓரத்தில் கோடு கிழித்துப் போட்டு, பின்னாலேயே ஒருவர் மண்ணை இழுத்து மூடி வர வேண்டும், அன்றே அளவாகத் தண்ணீர். அளவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பார் நனைந்தால் போதும், வெள்ளமாக விட்டால் போட்டது கீழே போய்விடும்.

சொறி நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும், கம்போஸ்ட்டோடு சம்பந்தப்பட்டது. கிழங்கின் தோலில் தக்கை போலச் சொரசொரப்பாக வரும் பொதுச் சொறி, ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்வாழ் நுண்ணுயிரால் வருவது. மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்கு மேல் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். பச்சைச் சாணமும் மட்காத எருவும் அதைக் கூட்டலாம். நன்கு மட்கிய கம்போஸ்ட்டில் அந்தப் பயம் குறைவு. சாம்பலும் சுண்ணாம்பும் கம்போஸ்ட்டில் கலந்திருந்தால் உருளைக்கிழங்கு நிலத்துக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே சொறி இருக்கும் வயலில் யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் நல்ல தேர்வு. அதில் 21 சதவீதம்தான் தழைச்சத்து, ஆனால் மண்ணை அமிலப் பக்கம் இழுக்கும். கிழங்கு பிடிக்கும் முதல் சில வாரங்களில் பார் காயாமல் ஈரமாக இருந்தால் சொறி வெகுவாகக் குறையும். கம்போஸ்ட் பிடித்து வைக்கும் ஈரம் இங்கேயும் உதவுகிறது.

கடைசி மாதத்தில் வயலைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். அடி இலைகள் மெல்ல மஞ்சளாகத் தொடங்குவதைக் கண்டு பயந்து யூரியா கரைத்துத் தெளிக்க ஓடாதீர்கள். அது பசி மஞ்சள் அல்ல, முதிர்ச்சி. செடி இலையில் இருந்த தழைச்சத்தை இறக்கிக் கிழங்குக்கு அனுப்புகிறது. 40-ஆம் நாள் அடி இலை மஞ்சளானால் பசி, அறுவடைக்கு மூன்று வாரம் முன்னால் மஞ்சளானால் நல்ல செய்தி. அறுவடை வரை கரும்பச்சையாக நிற்கும் வயலில் கிழங்குத் தோல் கட்டைவிரலால் தேய்த்தாலே உரியும், உலர் எடை குறைவாக இருக்கும், சேமிப்பில் அழுகும். அடர்ந்த இலைக்குள் ஈரம் காயாமல் பின்பருவ இலைக்கருகலும் வந்து உட்காரும்.

அடுத்த பருவத்தில் ஒன்று செய்யுங்கள். நடு வயலில் இரண்டு பாரை மட்டும் கம்போஸ்ட் போட்டு, யூரியா ஒரு மணிகூட விழாமல் விட்டுவிடுங்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 35-ஆம் நாள் அந்தப் பாரிலும் பக்கத்துப் பாரிலும் ஒரு செடியின் மண்ணை விலக்கி, எத்தனை கொக்கி நுனி புடைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். அறுவடையில் இரண்டு பாரையும் தனியாக எடை போட்டு ஏக்கர் கணக்குக்கு மாற்றுங்கள். யூரியா இல்லாத பாரின் விளைச்சலை, டன்னுக்கு 4.5 கிலோ என்று பெருக்கினால், உங்கள் மண்ணும் கம்போஸ்ட்டும் சேர்ந்து உண்மையில் எவ்வளவு தழைச்சத்துத் தருகின்றன என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். நான் மேலே 16, 4 என்று போட்ட இடத்தில் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.